தட்டினால் திறந்த கதவுகள்

1942இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பெரிய அளவு ஷூ கிடைப்பது குதிரைக்கொம்பு. தோலும் ரப்பரும் ஜெர்மன் ராணுவத்துக்குப் போய்விட்டன. கடைகளில் மரக்கட்டை அடிப்பாகம் வைத்த காலணிகள்தான் இருந்தன. அந்த ஊரில், ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரு கனடா விமானிக்கு உள்ளூர்க்காரர்கள் போடுகிற மாதிரி ஒரு ஜோடி ஷூ தேட வேண்டும். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. வீட்டில் அந்த அளவு கால் யாருக்கும் இல்லை என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். அதனால் உறவில் ஒருவரின் பழைய ஷூ, செத்துப்போன மாமாவின் கோட்டு, தெரிந்த தையல்காரர் இறக்கிக் கொடுத்த பேண்ட் என்று எங்கெங்கோ சேகரிக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போர் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். டாங்கிகளின் எடையும் கப்பல்களின் பெயர்களும் பெரும்பாலும் மறந்துவிட்டன. இந்த ஷூ பிரச்சினை மட்டும் மறக்கவில்லை. ஜெர்மனியில் குண்டு போடப் போன விமானங்கள் பெல்ஜியம், ஹாலந்து, பிரான்ஸ் வானத்தில் சுடப்பட்டு விழுந்தன. பாராசூட்டில் குதித்துப் பிழைத்தவர்களைப் பிடிபடாமல் ஸ்பெயின் வரை கொண்டுபோய்ச் சேர்க்க ரகசிய வழிகள் உருவாயின. மார்செய் நகரத்தை மையமாகக் கொண்ட 'பேட் ஓ'லியரி' பாதை ஒன்று. பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய கோமெட் பாதை இன்னொன்று. நான் இங்கே எழுதப்போவது கோமெட் பற்றி.

லண்டனில் இதற்கென்றே எம்.ஐ.9 என்று ஓர் உளவுப் பிரிவு இருந்தது. விமானிகளுக்குப் பட்டுத்துணியில் அச்சிட்ட வரைபடம், பொத்தானுக்குள் ஒளித்த திசைகாட்டி, சத்து மாத்திரை, கொஞ்சம் வெளிநாட்டுப் பணம் எல்லாம் கொடுத்து அனுப்பினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரவில் ஈர வயலில் விழுந்து, கணுக்கால் சுளுக்கி, உள்ளூர் மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் நிற்கிறவனுக்கு பட்டு வரைபடத்தை விட அவசரமாகத் தேவைப்பட்டது ஒரு வீடு. எந்த வீடு என்பதை எந்த வரைபடத்திலும் போட முடியாது. கண்ணில் படுகிற பண்ணை வீட்டின் கதவைத் தட்ட வேண்டும். திறப்பவர் யார் என்பது அவனவன் தலையெழுத்து.

இந்த விஷயத்துக்குள் நான் வந்தது ஜெனரல் குமாரமங்கலம் வழியாக. நம் நாமக்கல் பக்கத்துக்காரர், டாக்டர் சுப்பராயனின் மகன், 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தளபதி. அவர் 1942இல் வட ஆப்பிரிக்கப் போரில் பிடிபட்டு இத்தாலியில் சிறைவைக்கப்பட்டு, அங்கிருந்து தப்பி, மறுபடி பிடிபட்டு ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டவர். அவரைப் பற்றித் தேடும்போதுதான் எபினால் கண்ணில் பட்டது. கிழக்கு பிரான்சில் இருக்கிற ஊர். அங்கே இந்தியச் சிப்பாய்களுக்கான போர்க்கைதி முகாம் இருந்தது. 1944 மே 11 அன்று அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகள் முகாமின் மேலும் விழுந்தன, மதில் உடைந்தது. வெளியே ஓடியவர்களில் ஏறத்தாழ 500 பேர் பிரெஞ்சுக் கிராமத்து மக்கள் கொடுத்த ரொட்டியையும் காட்டிய வழியையும் நம்பி சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். பிரெஞ்சு தெரியாத சிப்பாய்கள், ஊரில் யாரும் அதற்குமுன் பார்த்திராத முகங்கள், ஆனாலும் உதவி கிடைத்திருக்கிறது. அதைத் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். அந்தத் தேடலின் இன்னொரு கிளையில் வந்து நின்றவர்தான் ஆந்த்ரே த யோங்.

வீட்டில் அவரை தெதே என்று கூப்பிடுவார்கள். 1916இல் பிரஸ்ஸல்ஸின் ஸ்கார்பேக் பகுதியில் பிறந்தவர். அப்பா ஃபிரெதெரிக் பள்ளித் தலைமையாசிரியர். தெதே விளம்பரப் படங்கள் வரையும் வேலையில் இருந்தார், செஞ்சிலுவையில் முதலுதவிப் பயிற்சியும் எடுத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்குச் சொல்லப்பட்ட கதை எடித் கேவலுடையது. முதல் உலகப் போரில் நேசநாட்டு வீரர்களைத் தப்பவைத்ததற்காக 1915 அக்டோபரில் ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்ற ஆங்கிலேய நர்ஸ் அவர். சுட்ட இடம் இதே ஸ்கார்பேக்கில் இருந்த துப்பாக்கிப் பயிற்சித் திடல். அதாவது, இந்த வேலையைச் செய்தால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள தெதே எங்கேயும் போக வேண்டியதில்லை. அவர் வளர்ந்த பகுதியிலேயே அதற்கு இடம் இருந்தது.

1940 மே மாதம் பெல்ஜியம் விழுந்தது. டன்கர்க்கிலிருந்து கப்பல் ஏற முடியாமல் போன பிரிட்டிஷ் சிப்பாய்கள் அங்கங்கே வீடுகளில் பதுங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடுவது ஒரு மாதம் தாங்கும், வருடக்கணக்கில் தாங்காது. எங்கேயாவது அனுப்பியாக வேண்டும். 1941 கோடையில் தெதேயும் அர்னோல்ட் தெப்பே என்பவரும் ஒரு குழுவைத் தெற்கே கூட்டிக்கொண்டு போனார்கள். சோம் நதியை இருட்டில் கடக்க வேண்டியிருந்தது. நீச்சல் தெரியாதவர்களை டயர் டியூபில் உட்காரவைத்து, தெதே திரும்பத் திரும்ப நீந்தி இழுத்துக்கொண்டு போனார். அந்தக் குழுவை மலையடிவாரத்தில் வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார்கள். ஸ்பெயினுக்குள் போனதும் அவர்களில் பலரைப் பிடித்துவிட்டார்கள். ஆட்களை எல்லையில் விட்டால் போதாது, தூதரகத்தின் வாசற்படி வரை போய் ஒப்படைக்க வேண்டும் என்று தெதேவுக்கு அதில்தான் புரிந்தது.

அடுத்த முறை அப்படியே செய்தார். 1941 ஆகஸ்டில், 24 வயதுப் பெண் ஒருத்தி, ஒரு ஸ்காட்லாந்துச் சிப்பாயையும் இரண்டு பெல்ஜியர்களையும் கூட்டிக்கொண்டு பில்பாவோ நகரத்து பிரிட்டிஷ் துணைத்தூதரகத்துக்குள் நுழைந்தார். பிரஸ்ஸல்ஸிலிருந்து வருகிறோம், பிரனீஸ் மலையை நடந்து தாண்டினோம் என்றார். அங்கிருந்த அதிகாரிகளால் நம்ப முடியவில்லை. ஜெர்மானியர்கள் அனுப்பிய ஆளோ என்ற சந்தேகம் வேறு. வாரக்கணக்கில் இழுத்தடித்த பிறகுதான் சரி என்றார்கள்.

அங்கே நடந்த பேரம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தெதே கேட்டது செலவுக்காசு மட்டும்தான். கணக்கோடு வந்திருந்தார்: பிரஸ்ஸல்ஸிலிருந்து ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சேன் ழான் த லூஸ் வரை ஓர் ஆளுக்கு 6000 பெல்ஜிய பிராங்க், மலை வழிகாட்டிக்கு 1400 பெசெட்டா. பணத்தைக் கொடுப்பவர்கள் கட்டளையிடவும் ஆசைப்படுவார்கள் அல்லவா? லண்டன் வயர்லெஸ் இயக்குபவரை அனுப்பட்டுமா என்றது, ஆள் அனுப்பட்டுமா என்றது. தெதே வேண்டாம் என்றார். இது பெல்ஜியர்களின் வேலை, பெல்ஜியர்களே நடத்துவோம். வயர்லெஸ் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வண்டி தெருவில் வரும் என்ற நடைமுறைக் கணக்கும் இதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சிப்பாய்களை விட விமானிகளுக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று பிரிட்டிஷ் தரப்பு கேட்டுக்கொண்டது, அதை ஏற்றுக்கொண்டார். மாத்ரித் தூதரகத்திலிருந்த மைக்கேல் கிரெஸ்வெல் 'திங்கள்' என்ற சங்கேதப் பெயரில் அந்தப் பக்கத்துத் தொடர்பாளர் ஆனார். ஜிப்ரால்டரில் டொனால்ட் டார்லிங், அவர் 'ஞாயிறு'. பின்னால் லண்டனில் சேர்ந்த ஏரி நீவ், 'சனி'. கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையிலிருந்து 1942 ஜனவரியில் தப்பி வந்த ஆள் என்பதால் நீவுக்கு இந்த வலி நேரடியாகத் தெரியும்.

சரி, வேலை எப்படி நடந்தது?

விழுந்தவனை முதலில் எடுப்பது பெரும்பாலும் ஒரு விவசாயி. அவர் ஊர்ப் பாதிரியாரிடமோ ஆசிரியரிடமோ டாக்டரிடமோ சொல்வார். அவர்களுக்கு இன்னொருவரைத் தெரியும். அந்த ஒருவருக்கு பிரஸ்ஸல்ஸில் ஒரு முகவரி தெரியும். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. நகரத்துக்கு வந்ததும் ஒரு வீட்டில் தங்கவைப்பார்கள். அங்கே அவனைக் கேள்வி கேட்டு, உண்மையான விமானிதானா என்று பார்க்க வேண்டும். எந்தப் படைப்பிரிவு, எந்த விமானம், விமானப்படைக்காரர்கள் மட்டும் பேசுகிற கொச்சைச் சொற்கள் தெரிகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். தேறினால் புகைப்படம் எடுத்து, பெல்ஜிய அடையாள அட்டை, வேலை அட்டை, பயண அனுமதி எல்லாம் பொய்யாகத் தயாராகும்.

அப்புறம் பாடம். பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நடக்காதே. சில்லறையைக் குலுக்காதே. சூயிங்கம் மெல்லாதே. முள்கரண்டியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிச் சாப்பிடாதே, அது அமெரிக்கப் பழக்கம். சிகரெட்டைக் கடைசி வரை இழு, பஞ்சக்காலத்தில் பாதி சிகரெட்டை எறிபவன் உள்ளூர்க்காரனாக இருக்க முடியாது. ரயிலில் யாராவது பேசினால் தூங்குவதுபோல நடி, இல்லையென்றால் காது கேட்காதவன், வாய் பேசாதவன் என்று காட்டிக்கொள். டெக்சாஸ் பண்ணையில் வளர்ந்த இருபது வயதுப் பையன் கை வீசி நடக்கிற நடையை ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும். பல வீடுகளில் இந்தப் பாடத்தை நடத்தியது பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள்.

சாப்பாடுதான் தினசரிப் பிரச்சினை. பெல்ஜியத்தில் ரேஷன் ரொட்டி ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 225 கிராம். கூப்பன் இல்லாத வாலிபன் ஒருவன் வீட்டில் இருந்தால் மற்றவர்கள் தட்டு குறையும். கள்ளச்சந்தையில் வாங்கலாம், காசு வேண்டும். 'நேமோ' என்ற பெயரில் பிரஸ்ஸல்ஸ் பிரிவை நடத்திய ழான் கிரைண்டல் இதற்கு அருமையான மறைப்பு வைத்திருந்தார். ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடும் ஸ்வீடிஷ் உணவுக்கூடம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே அரிசி, மாவு மூட்டை வருவதையும் இளைஞர்கள் வந்து போவதையும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பயணம் ரயிலில். வழிகாட்டும் பெண் ஒரு பெட்டியில் உட்காருவாள். விமானிகள் இரண்டு மூன்று பேர் அதே பெட்டியிலேயே தெரியாதவர்கள்போல. பிரஸ்ஸல்ஸிலிருந்து பாரிஸ், அங்கே சில நாள் ஒளிவிடம், பிறகு இரவு ரயிலில் ஸ்பெயின் எல்லை. ஜெர்மன் வீரர்கள் நிறைந்த ரயில்கள் அவை. டிக்கெட்டையும் அட்டையையும் நீட்டும்போது கை நடுங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் செய்ய முடியும்.

எல்லைப்புறத்தை நடத்தியவர் எல்வீர் த கிரீஃப். பெல்ஜியத்திலிருந்து அகதியாக வந்து, பாயோனுக்குப் பக்கத்தில் ஆங்லே என்ற ஊரில் குடும்பத்தோடு தங்கியவர். அவரை எல்லோரும் 'கோ அத்தை' என்று கூப்பிட்டார்கள். 'கோகோ' என்பது அவர் வீட்டு நாயின் பெயர், அதிலிருந்து வந்த சங்கேதப் பெயர். கணவர் ஃபெர்னான் உள்ளூர் ஜெர்மன் ராணுவ அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். பகலில் அங்கே உத்தியோகம், சாயங்காலம் வரும்போது வெற்று அடையாள அட்டைகளும் முத்திரைகளும் அவர் பையில் வந்து சேரும். மகனும் மகளும் சைக்கிளில் ஆட்களை அழைத்து வந்தார்கள். கோ அத்தை கள்ளச்சந்தையில் புகுந்து விளையாடியவர். அவரை ஒருமுறை கைது செய்தபோது, உங்கள் அதிகாரிகள் என்னிடம் என்னென்ன வாங்கினார்கள் என்று பட்டியல் போடட்டுமா என்று மிரட்டியே வெளியே வந்தார் என்று சொல்வார்கள். கோமெட்டின் முக்கியமானவர்களில் கடைசி வரை அகப்படாமல் தாக்குப்பிடித்தவர்களில் ஒருவர் அவர். நல்லவர்கள் பலர் இருந்த அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் கில்லாடித்தனமும் சேர்ந்திருந்தவர் இவர். இப்படிப்பட்ட வேலைக்கு அந்தக் கில்லாடித்தனம் அவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மலையைத் தாண்டவைத்தவர் ஃபுளோரெந்தினோ கொய்கொச்சேயா. ஸ்பெயின் பக்கத்து எர்னானியில் பிறந்த பாஸ்க் ஆள், தொழில் கடத்தல். பாஸ்க் மொழியைத் தவிர வேறெதுவும் சரியாகப் பேச வராது. இருட்டில் ஒற்றையடிப் பாதை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவர் காலுக்குத் தெரியும். எந்தப் புதருக்குள் தன்னுடைய கோன்யாக் பாட்டில் இருக்கிறது என்பதும் நினைவிருக்கும்.

உர்ருய்ன் கிராமத்துக்கு வெளியே பிதெகாய்ன் பெரி என்ற பண்ணை வீடு. அங்கே பிரான்ச்சியா உசந்திசாகா, மூன்று சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த விதவை, வந்தவர்களுக்குச் சூடான பாலும் சூப்பும் கொடுப்பார். ஷூவைக் கழற்றிவிட்டு, சத்தம் வராத கயிற்று அடிப்பாகம் வைத்த துணிக் காலணியைப் போட்டுக்கொள்ள வேண்டும். கையில் ஒரு கம்பு. இருட்டியதும் ஒருவர் பின் ஒருவராக ஏற்றம். வாரக்கணக்கில் அறைக்குள் அடைந்து கிடந்த விமானிகளுக்கு மூச்சு வாங்கும். தெதே அலட்டிக்கொள்ளாமல் மூட்டையும் தூக்கிக்கொண்டு முன்னால் போவார். பல மணி நேரம் கழித்துக் கீழே பிதாசோவா ஆறு. அதுதான் எல்லை. பேண்ட்டைக் கழற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, இடுப்பளவு, சில நாள் மார்பளவு குளிர்ந்த தண்ணீரில் கடக்க வேண்டும். எதிர்க்கரையில் ஸ்பெயின் காவல்படையின் ரோந்து. அதைத் தாண்டி இன்னொரு செங்குத்து ஏற்றம், பிறகு சரோபே என்ற பண்ணை வீடு. அங்கே முட்டை, வைக்கோல், தூக்கம். மழை பெய்து ஆறு பெருகியிருந்தால் பாலம் இருக்கும் இடம் வரை மலையிலேயே சுற்றிக்கொண்டு போக வேண்டும், இன்னும் பல மணி நேரம்.

1943 டிசம்பர் 23 இரவு, பெருகியிருந்த ஆற்றில் இறங்கிய ஒரு குழுவில், அப்போது பிரஸ்ஸல்ஸ் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஆந்த்வான் துர்செலும் ஓர் அமெரிக்க விமானியும் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள்.

தெதே இந்த வழியாகத் தானே அழைத்துக்கொண்டு போனவர்கள் மட்டும் 118 பேர் என்று கணக்கு.

இந்தக் கதைகளில் தப்பியவன்தான் எப்போதும் கதாநாயகன். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. விமானி பிடிபட்டால் அவன் போர்க்கைதி. ஜெனீவா உடன்படிக்கை இருந்தது. கழுத்தில் எண் பொறித்த தகட்டைக் காட்டினால் முகாமுக்கு அனுப்புவார்கள், செஞ்சிலுவைப் பார்சல் வரும், போர் முடிந்தால் வீடு. அவனுக்குப் பாயைப் போட்டுக் கொடுத்தவருக்கு எந்த உடன்படிக்கையும் கிடையாது. ஆண் என்றால் சுடப்படுவார், பெண் என்றால் வதைமுகாம் என்று ஜெர்மானியர்கள் சுவரொட்டி ஒட்டி அறிவித்தார்கள். விமானிக்கு அவனுடைய படை இருந்தது, சம்பளம் இருந்தது, போரில் வந்து சேர்ந்தவன் அவன். கதவைத் திறந்தவர் குடும்பத்தோடு மாட்டிக்கொள்வார். தப்பிப் போனவனை மறுபடி அந்த நாடுகளின் மேல் பறக்கவிடுவதைக் கூடியவரை தவிர்த்தார்கள் என்பதற்குக் காரணமும் இதுதான். மறுபடி விழுந்து அகப்பட்டால், அவனுக்குத் தெரிந்த முகங்களும் வீடுகளும் அவன் வாயிலிருந்து வந்துவிடும்.

இந்த மாதிரி வேலையின் பலவீனமும் இங்கேதான். வயர்லெஸ் வைத்திருக்கும் உளவாளி தன் கூட்டாளியைத் தானே தேர்ந்தெடுக்கலாம். பாலத்தை வெடிக்கவைக்கும் குழு தெரியாதவனைச் சேர்க்காது. கோமெட் போன்ற ஒரு பாதை இருப்பதே முன்பின் தெரியாதவனுக்காக. தட்டுகிறவனுக்குத் திறக்காவிட்டால் அது எதற்கு? ஜெர்மானியர்களுக்கு இது புரிய அதிக நாள் ஆகவில்லை. வேலியை உடைக்க வேண்டாம், கதவைத் தட்டினாலே போதும்.

1942 நவம்பரில் அமெரிக்க விமானிகள் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் ஸ்கார்பேக்கில் இருந்த மரேஷால் குடும்பத்தின் வீட்டுக்கு அழைத்து வரப்பட்டார்கள். வீட்டம்மா எல்சி பிறப்பால் ஆங்கிலேயர். வந்தவர்களின் உச்சரிப்பு அவருக்கு என்னவோபோல இருந்தது. அமெரிக்கர்களில் எல்லா நாட்டுப் பூர்வீகக்காரர்களும் உண்டே என்று சமாதானம் செய்துகொள்ளத்தான் முடிந்தது. அவர் மகள், அதே பெயர்தான் அவளுக்கும், மேலிடத்தில் சந்தேகத்தைச் சொல்லப் போன நேரத்தில் வந்தவர்கள் துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குள்ளேயே காத்திருந்து, வந்து போகிறவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். அதிலிருந்து பரவிய கைதுகள் நூறு பேர் அளவுக்குப் போயின. கணவர் ழார்ஜ் மரேஷால் 1943 அக்டோபர் 20 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். தாயும் மகளும் வதைமுகாம்களிலிருந்து உயிரோடு திரும்பினார்கள்.

1943 ஜனவரி 15. மழை, ஆறு பெருகியிருந்தது. தெதேயும் மூன்று விமானிகளும் பிரான்ச்சியாவின் பண்ணை வீட்டில் காத்திருந்தார்கள். ஃபுளோரெந்தினோ அங்கே தங்காமல் வேறிடத்துக்குப் போயிருந்தார். யாரோ காட்டிக்கொடுத்து வீடு வளைக்கப்பட்டது. பிடிபட்ட விமானிகளில் ஒருவரை அடித்துத் துன்புறுத்தியதில் தனக்குத் தெரிந்த வீடுகளைச் சொல்லிவிட்டார். இதைப் படிக்கும்போது அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரைவிடப் பலசாலிகள் சொல்லியிருக்கிறார்கள். தெதேவைப் பலமுறை விசாரித்தார்கள். பாரிசில் இருந்த அப்பாவின் பக்கம் கண் திரும்பக் கூடாது என்று, இதன் தலைவர் நான்தான் என்று ஒப்புக்கொண்டார். விசாரித்தவர்கள் நம்பவில்லை. இத்தனை பெரிய ஏற்பாட்டை இந்தச் சின்னப் பெண்ணா நடத்தியிருப்பாள் என்று நினைத்தார்கள். பில்பாவோவில் பிரிட்டிஷ்காரர்களுக்கு வந்த அதே சந்தேகம்தான். இந்த முறை அது அவர் உயிரைக் காப்பாற்றியது. ராவென்ஸ்ப்ரூக், மவுட்ஹவுசன் முகாம்களில் கிடந்து 1945 ஏப்ரலில் வெளியே வந்தார். பிரான்ச்சியா வரவில்லை. விடுதலைக்குச் சில வாரங்களே இருக்கும்போது, 1945 ஏப்ரலில் ராவென்ஸ்ப்ரூக்கில் இறந்துபோனார்.

அப்பா ஃபிரெதெரிக்கைப் பிடித்தது உள்ளே புகுந்த ஒரு துரோகி. ஜாக் தெசூப்ரி என்ற பெல்ஜிய இளைஞன், ழான் மாஸோன் என்ற பெயரில் வழிகாட்டியாகச் சேர்ந்தான். முதலில் சில விமானிகளை ஒழுங்காகவே அழைத்து வந்து கொடுத்தான், நம்பிக்கை வந்தது. 1943 ஜூன் 7 அன்று பாரிஸ் ரயில் நிலையத்தில் வரவேற்க வந்த எல்லோரையும் பிடித்துக் கொடுத்தான். தலைமையாசிரியர் 1944 மார்ச் 28 அன்று மோன் வலேரியன் கோட்டையில் சுடப்பட்டார். இவன் இதோடு நிற்கவில்லை. வேறு வேறு பெயர்களில் மற்றப் பாதைகளுக்குள்ளும் நுழைந்தான். 1944 ஆகஸ்டில் 168 நேசநாட்டு விமானிகள் புகென்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்களே, சாதாரண உடையில் பொய் அட்டையோடு பிடிபட்டவர்கள் போர்க்கைதிகள் கிடையாது என்று சொல்லி? அவர்களில் பலர் இவன் கைவரிசையில் சிக்கியவர்கள். விமானிக்கு ஜெனீவா உடன்படிக்கை இருந்தது என்று மேலே சொன்னேன். மாற்றுடை போட்ட விமானிக்கு அதுவும் சில நேரம் உதவவில்லை.

அவனை அடையாளம் கண்டுபிடித்தது மிஷ்லின் துமோன். 'மிஷூ' என்று பெயர். வயது 23, பார்க்கப் பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருப்பார், அந்தத் தோற்றத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர். அப்பாவும் தங்கையும் ஏற்கெனவே சிறையில். 1944 மே மாதம், பாரிசுக்கு வெளியே ஃப்ரேன் சிறையில் இருந்த தோழியிடம், சிறைக்கு வெளியிலிருந்தே குரல் கொடுத்து, காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். சிறை வாசலில் நின்று கத்துவதற்கு எத்தனை தைரியம் வேண்டும்! அந்தப் பதிலில் வந்த பெயர், அப்போது இன்னொரு பெயரில் கோமெட்டுக்குள் மறுபடி நுழைந்திருந்தவனுடையது. தெசூப்ரி 1949இல் பிரான்சில் மரண தண்டனை பெற்றான்.

நேமோவின் முடிவுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. 1943 பிப்ரவரியில் பிடிபட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டு, எட்டர்பேக் ராணுவக் குடியிருப்பில் அடைத்துவைக்கப்பட்டிருந்தார். செப்டம்பர் 7 அன்று அந்தக் கட்டடத்தின்மேல் நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டன. அதில் செத்துப்போனார். அவர் சோறு போட்டு அனுப்பியவர்களின் தோழர்கள் மேலே பறந்துகொண்டிருந்தார்கள். கீழே யார் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

வேலை விஷயமாக பிரஸ்ஸல்ஸ் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை ஸ்கார்பேக் போனேன். பழைய துப்பாக்கித் திடல் இப்போது இல்லை. அங்கே வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்களின் பெரிய கட்டடங்கள். அவற்றின் பின்னால் சுடப்பட்டவர்களுக்கான சிறிய கல்லறைத் தோட்டம். எடித் கேவலின் பெயர் அங்கே ஒரு பலகையில் இருக்கிறது, வரிசையாக இரண்டாம் போரின் கல்லறைகள். பெயர் தெரியாதவர்களுக்கும் சில. நான் போன நேரம் தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. வழி சொன்ன பேருந்து ஓட்டுநருக்கே அது இருப்பது தெரிந்திருக்கவில்லை, தொலைக்காட்சி நிலையத்துக்குப் போகிறீர்களா என்றுதான் கேட்டார்.

இத்தனை அடிக்குப் பிறகும் பாதை நிற்கவில்லை என்பதை விளக்கச் சரியான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தெதேவுக்குப் பிறகு 'பிராங்கோ' என்ற ழான்-பிரான்சுவா நோதோம் ஒரு வருடம் நடத்தி 1944 ஜனவரியில் பிடிபட்டார். அவருக்குப் பிறகும் ஆள் வந்தது. 1944 வசந்தத்தில் நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முன்னோட்டமாக நேசநாட்டு விமானங்கள் ரயில் பாதைகளை உடைத்துத் தள்ளியதால் தெற்கே போவது நின்றுபோனது. அப்போது செய்ததுதான் கெட்டிக்கார வேலை. நகர்த்த முடியாவிட்டால் என்ன, ஒரே இடத்தில் ஒளித்துவைப்போம் என்று பாரிசுக்குத் தென்மேற்கே ஃப்ரெதவல் காட்டுக்குள் கூடாரம் போட்டார்கள். கொஞ்ச தூரத்தில் ஜெர்மன் வெடிமருந்துக் கிடங்கு. சுற்றுவட்டார விவசாயிகள் ரொட்டியும் மாமிசமும் காட்டுக்குள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆகஸ்ட் நடுவில் ஏரி நீவ் பேருந்துகளோடு வந்து சேர்ந்தபோது 130க்கும் மேற்பட்ட விமானிகள் அந்தக் காட்டிலிருந்து நடந்து வெளியே வந்தார்கள். வெளியே இத்தனை கிராமத்துக்குத் தெரிந்த ரகசியத்தை ஒருவரும் சொல்லவில்லை.

ஃபுளோரெந்தினோ கதையும் அந்தக் கோடையில்தான். ஜூலை 26 அன்று மலையில் ரோந்துப் படை சுட்டுக் காலில் குண்டு பாய்ந்து பிடிபட்டார். பாயோன் மருத்துவமனையில் காவலில் கிடந்தவரை அடுத்த நாளே ஜெர்மன் ரகசியப் போலீசான கெஸ்டபோவின் ஆட்கள் வந்து ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்படித்தான் மருத்துவமனைக்காரர்கள் நினைத்தார்கள். வந்தவர்கள் கோ அத்தையின் ஆட்கள். போருக்குப் பிறகு பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் மெடல் கொடுத்தபோது, என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டார்களாம். ஏற்றுமதி, இறக்குமதி என்றாராம்.

கோமெட் மூலம் உதவி பெற்ற நேசநாட்டு வீரர்கள் மொத்தம் சுமார் 800 பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள். சுடப்பட்டோ முகாமிலோ இறந்த உதவியாளர்கள் இருநூறைத் தாண்டுவார்கள். மூன்று நான்கு விமானிகளுக்கு ஒரு பெல்ஜியரோ பிரெஞ்சுக்காரரோ என்று இதை வகுத்துப் பார்க்க ஒரு கணம் கை போகும். அந்தக் கணக்கு வேண்டாம். போருக்குப் பிறகு பிரிட்டனும் அமெரிக்காவும் பாரிஸ், பிரஸ்ஸல்ஸில் அலுவலகம் திறந்து, யார் யார் எத்தனை பேருக்கு எத்தனை நாள் உதவினார்கள் என்று விசாரித்து, தரம் பிரித்து, பணமும் சான்றிதழும் கொடுத்தன. பிரிட்டிஷ் சான்றிதழில் விமானப்படைத் தளபதி டெடரின் கையெழுத்து, அமெரிக்கச் சான்றிதழில் ஐசனோவரின் கையெழுத்து. தெதேவுக்கு ஜார்ஜ் மெடல் கிடைத்தது. வாங்கிக்கொண்டு, நர்ஸ் படிப்பை முடித்து, காங்கோ, கேமரூன், எத்தியோப்பியா என்று தொழுநோய் மருத்துவமனைகளில் வாழ்நாளைக் கழித்தார். 1985இல் பெல்ஜிய அரசர் அவருக்கு கவுண்டஸ் பட்டம் கொடுத்தார். 2007 அக்டோபரில், 90 வயதில் காலமானார்.

தப்பித்தவர்களின் பிள்ளைகளும், தப்பவைத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் சேன் ழான் த லூஸிலிருந்து மலையேறி, பிதாசோவாவைக் கடந்து, சரோபே பண்ணை வரை நடக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்கிறார்கள். நம் ஆட்கள் யாராவது போனால் பகலில்தான் நடக்க வைப்பார்கள், பயப்பட வேண்டாம். நல்ல பிடிமானமுள்ள ஷூ எடுத்துக்கொள்ளுங்கள், மழைக்கோட்டும். செப்டம்பரிலும் அந்தப் பக்கம் மழை உண்டு.